புடவை மூட்டையோடு மலையேறியவர்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். உத்தமபாளையம், கம்பம், கூடலூர், போடி, ஆண்டிபட்டி என்று ஆளுக்கோர் ஊரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தோம். என் முறை வந்தபோது மேகமலை என்றேன். அருகிலிருந்த நண்பர் விடவில்லை. மேகமலை எஸ்டேட் அல்லவா, அங்கே எல்லாரும் பிழைக்க வந்தவர்கள்தாமே, உண்மையான சொந்த ஊர் எது என்று கேட்டார். அவர் கேட்டதில் குற்றம் ஒன்றுமில்லை. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கும் எங்கள் மலையில் தேயிலையே வெளியிலிருந்து வந்த செடிதான். அதைப் பறிக்க வந்த மனிதரிடம் சொந்த ஊர் கேட்பது இயல்பே. ஆயினும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை என்பது மனத்தை உறுத்தியது.

அந்த வாரக் கடைசியில் வீடு சென்றதும் அப்பாயியிடம் கேட்டேன். அவர் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். அவருடைய பாட்டனார் புறப்பட்டது திருச்சிப் பக்கம். அப்பாயி பிறந்தது இலங்கையில் ஹட்டன் அருகே ஒரு தோட்டத்து லயத்தில். 1973-இல் இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் கழித்து, அனுப்பப்பட்டது ஒரு வறண்ட கிராமத்துக்கு. அங்கிருந்து பிழைப்புத் தேடி ஏறியது இந்த மேகமலை. நான்கு விரல்கள் மடங்கியபின், இதில் எதை எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பேச்சோடு பேச்சாக அய்யர் என்று ஒருவரைப் பற்றியும் சொன்னார். அப்பாயியின் தாயார் ஹட்டன் டவுனில் அய்யரும் அய்யரம்மாவும் நடத்திய கூட்டங்களுக்குப் போய்வந்து, அந்த அம்மாள் பாடிய மெட்டுகளைக் கொழுந்து பறிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாராம்.

அந்த அய்யர்தான் கோ. நடேசய்யர். இலங்கை மலையகத்தில் அவர் பெயரைப் படித்தவர்கள் அனைவரும் அறிவர். அவர் பிறந்த தமிழ்நாட்டிலோ அவர் யார் என்று விளக்க வேண்டியிருக்கிறது. வரலாற்று மாணவன் என்ற முறையிலும், அப்பாயியின் பேரன் என்ற முறையிலும் அவருடைய வாழ்வை நம் கல்லூரி மலரில் எழுத விரும்பினேன்.

நடேசய்யர் 1887-ஆம் ஆண்டு தஞ்சைச் சீமையில் பிறந்தார். ஆங்கிலம் கற்றவர். அக்காலத்தில் அவரைப் போன்ற குலத்தில் பிறந்து ஆங்கிலமும் கற்ற இளைஞர் சர்க்கார் உத்தியோகத்தையோ வக்கீல் தொழிலையோ நாடுவதே வழக்கம். இவருடைய நாட்டமோ வணிகத்தில் சென்றது. தாமே கடை வைத்துப் பொருள் ஈட்டும் ஆசை அன்று அது. தமிழர் கணக்கும் வாணிகமும் இயந்திரமும் கற்றாலன்றி முன்னேற மாட்டார் என்பது அவர் எண்ணம். கணக்குப் பதிவு பற்றியும் எண்ணெய் எஞ்சின் பற்றியும் தமிழில் நூல் எழுதினார் என்றால் அவர் போக்கு விளங்கும். தஞ்சையிலிருந்து ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். இந்தப் பத்திரிகையே அவரைக் கடல் கடத்தியது.

கொழும்பில் அப்போது தமிழ் வணிகர் பலர் இருந்தனர். அரிசி, துணி, வட்டித் தொழில் யாவும் பெரும்பாலும் இந்தியர் கையில் இருந்த காலம். அவர்களிடையே பத்திரிகைக்கு ஆதரவு தேடி 1915-ஆம் ஆண்டளவில் நடேசய்யர் கொழும்பு சென்றார். மலைநாட்டில் இலட்சக்கணக்கான தமிழர் தோட்டங்களில் வேலை செய்வதை அங்கே கேள்விப்பட்டு, அவர்களைப் பார்த்துவர விரும்பினார். அது நடவாத காரியம் என்று தெரிந்தது. தோட்டம் துரையின் சொந்த நிலம். அவர் அனுமதியின்றி அந்நியர் எவரும் உள்ளே காலடி வைக்கக்கூடாது. சொந்த அண்ணன் தம்பியைப் பார்க்க வந்தவனும் அத்துமீறி நுழைந்தவனாக வழக்கில் மாட்டிக்கொள்ளலாம்.

தோட்டத்துக்குள் தடையின்றிப் போகக்கூடியவர்களில் புடவை வியாபாரிகளும் இருந்தனர். தொழிலாளிக்குத் துணி வேண்டும். அதற்காக மலைக்கு மேலே கடை திறக்கத் துரை தயாராக இல்லை. ஆகவே மூட்டை தூக்கி வரும் வியாபாரியை விட்டுவைத்திருந்தனர். பத்திரிகாசிரியர் நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு மலையேறினார். இந்த நிகழ்ச்சியை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கணக்கு நூல் எழுதிய தஞ்சாவூர் அய்யர் ஒருவர் மூட்டையைச் சுமந்துகொண்டு வழுக்கும் மலைப்பாதையில் லயம் லயமாக ஏறி இறங்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். பின்னர் யோசித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. தன் மக்களைச் சந்திக்க ஒருவன் மாறுவேடம் தரிக்க வேண்டியிருந்தால், அந்த மக்கள் வாழ்ந்த இடத்துக்கு என்ன பெயர் சூட்டுவது?

அவர் கண்டவற்றை அறிய அக்காலத் தோட்டத்தின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1830-களிலிருந்தே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டு செல்லப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர் பலர். 1869-இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அதனால் வந்துபோகும் கூலிகளாக இருந்தவர்கள் குடும்பத்தோடு லயத்திலேயே தங்கிவிட்டனர். சட்டம் மட்டும் அவர்களை வந்துபோகிறவர்களாகவே கருதிவந்தது.

ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவு, முன்பணம், துணி, அரிசி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். அக்கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. மாறுவதானால் இத்தனை ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். கடன்பட்ட மனிதர்கள் கடனோடு சேர்த்துக் கைமாறினர் என்பதே இதன் பொருள். 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அப்பாயி பிறக்கும் முன்பே ஒழிந்துபோன முறை அது; இருந்தும் யாரேனும் ஒருவரை ஏமாற்றிவிட்டால் துண்டு எழுதிவிட்டான் என்றுதான் அவர் இன்றும் சொல்கிறார். இங்கே பிறந்த எங்களுக்கு அச்சொல்லின் மூலம் தெரியாது.

நடேசய்யர் கண்ட மற்றொன்றும் உண்டு. கொழும்பில் இருந்த இந்திய வணிகருக்கும் மலையில் இருந்த இந்தியத் தொழிலாளிக்கும் இடையே உறவே இல்லை. இருவரும் ஒரே கடலைக் கடந்தவர்கள்தாம். வணிகருக்கு ஊரில் வீடு உண்டு. ஆண்டுக்கொரு முறை போய்வருவார். இலங்கை அவருக்குக் கடை. தொழிலாளிக்கு ஊரில் எதுவும் மிச்சமில்லை. புது மண்ணில் ஒருவன் ஒன்றிப்போகிறானா இல்லையா என்பது அவன் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான் என்பதைப் பொறுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நடேசய்யர் வணிகர் வாசல் வழியாக வந்து, தொழிலாளர் பக்கம் போய் நின்றார். அந்த நாட்டுக்கு அவர் வந்ததில் இதுவே முக்கியமான செய்தி.

தஞ்சை திரும்பியவர் மீண்டும் இலங்கை சென்று கொழும்பிலேயே தங்கிவிட்டார். 1921-இல் ‘தேசநேசன்’ பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பின்னர் ‘தேசபக்த’னைத் தாமே நடத்தினார். தோட்டங்களில் நடக்கும் கொடுமைகள் அச்சில் வந்தன. துரைமார் அவரை வேண்டாதவராகப் பட்டியலிட்டனர். அரசாங்கத்தின் கண்காணிப்பும் அவர்மீது விழுந்தது.

அதே காலத்தில் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கா என்ற சிங்களத் தலைவர் தொழிற்சங்கம் அமைத்துப் போராடிக்கொண்டிருந்தார். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் சிங்களவர், தமிழர், மலையாளிகள் யாவரும் கலந்து வேலை செய்தனர். நடேசய்யர் குணசிங்காவோடு சேர்ந்து அந்தச் சங்கத்தின் துணைத்தலைவரானார். 1925-இல் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தச் சில ஆண்டுகளே அவர் வாழ்வில் நம்பிக்கை மிகுந்த காலம் என்பது என் கருத்து. வந்தவனும் இருந்தவனும் ஒரே கூலிக்காக ஒரே கொடியின்கீழ் நின்றால் வந்தவன் என்ற பேச்சே மறைந்துவிடும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். இல்லாவிடில், இந்தியர் வாக்கைப் பெற்றுச் சபைக்குப் போனவர், சிங்களத் தலைவரின் சங்கத்தில் இரண்டாம் இடத்தில் இருந்து உழைத்திருக்க மாட்டார்.

அது நீடிக்கவில்லை. 1920-களின் இறுதியில் வேலை சுருங்கத் தொடங்கியது. உலகப் பொருளாதார மந்தமும் தொடர்ந்து வந்தது. சிங்களத் தொழிலாளியின் வேலையைப் பறிக்க வந்தவர்கள் இந்தியர் என்ற குரல் எழுந்தது. அந்தக் குரலை எழுப்பியவர்களில் குணசிங்காவும் ஒருவரானார். 1928-அளவில் இருவரும் பிரிந்தனர். பிரிந்தபின் ஒருவரையொருவர் பத்திரிகைகளில் கடுமையாகத் தாக்கிக்கொண்டனர். இதில் நடேசய்யர் பக்கத்திலும் நிதானம் தவறிய எழுத்து உண்டு. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இதை மறைத்துவிடுவது வழக்கம். நான் மறைக்க விரும்பவில்லை. நேற்றுவரை தோழராக இருந்தவர் தம்மை அந்நியர் என்று சுட்டும்போது ஏற்படும் புண், துரை சுட்டும்போது ஏற்படும் புண்ணைவிட ஆழமானது. நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்களைக் கேட்டால் இது புரியும். தோட்ட முதலாளி ஏசுவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். உடன் வேலை செய்பவள் பாண்டி என்று அழைத்தால் அன்று இரவு சோறு இறங்குவதில்லை.

கொழும்பு கைவிட்டபின் நடேசய்யர் மலைக்கே வந்து சேர்ந்தார். 1931-இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோன்றியது. தோட்டத் தொழிலாளருக்கென்றே அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான். ஹட்டன் அதன் தளம். முன்பு புடவை மூட்டையோடு நுழைந்தவர், இப்போது சொந்தப் பெயரிலேயே வந்தார். தோட்டக் கதவுகளோ அப்போதும் மூடியே இருந்தன. சங்கத்தில் பெயர் கொடுத்ததாகத் தெரிந்தால் பற்றுச்சீட்டு; அதாவது வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும். கங்காணிகளும் பெரும்பாலும் சங்கத்தை விரும்பவில்லை. தொழிலாளி நேரே துரையிடம் நியாயம் கேட்கத் தொடங்கினால் நடுவில் நிற்பவருக்கு என்ன மரியாதை?

எனவே கூட்டங்கள் டவுனில் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் சனங்களைத் தேடி நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் போயினர். மீனாட்சியம்மையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். பத்திரிகை வேலையிலும் சங்க வேலையிலும் கணவருக்குச் சமமாக உழைத்தவர். மேடையில் முதலில் அவர் பாடுவார். பாரதியாரின் பாடல்களை மலைநாட்டு மக்களிடம் கொண்டு சேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தாமே பாட்டும் கட்டினார். எழுத்தறியாத மக்கள் அறிந்த மெட்டுகளில், அவர்கள் படும் துயரத்தையே வைத்துக் கட்டிய பாடல்கள் அவை. ‘இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து’ என்ற பெயரில் சிறு நூலாகவும் வந்தன. பொதுக்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நின்று பாடுவதே அதிசயமாக இருந்த நாளில், அவர் பாட்டுக்காகவே பெண்கள் வந்தார்கள். என் வீட்டுக்கு வந்து சேர்ந்த மெட்டும் அவ்வாறு வந்ததே.

நடேசய்யர் செய்த மற்றொரு வேலை பாட்டைப் போலப் புகழ் பெறவில்லை. ஆனால் அதைவிடப் பயன் தந்தது என்று சொல்வேன். தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் எளிய நடையில் எழுதி அச்சிட்டார். 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. கூலி கேட்க வேண்டியவனுக்கு ஆங்கிலம் தெரியாது. லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் இருந்தால் போதும், அவன் படிக்க மற்றவர் கேட்டுக்கொள்வர். தம் கையில் எத்தனை சதம் வரவேண்டும் என்று தெரிந்துகொண்டவனை ஏமாற்றுவது கடினம். கணக்குப் பதிவு நூல் எழுதிய பழைய நடேசய்யர் இங்கே வேறு உருவில் வந்து நிற்கிறார்.

இனி வாக்குரிமைக்கு வருவோம். 1927-இல் இலங்கை வந்த டொனமூர் குழு, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வேண்டுமென்று மறு ஆண்டு பரிந்துரை செய்தது. ஆசியாவிலேயே அது புதுமை. ஐந்தாண்டு அங்கே வசித்தவர் எவருக்கும் வாக்கு என்று குழு கூறியதும், மலையில் இருந்த இந்தியர் எல்லாரும் வாக்காளர் ஆகிவிடுவரே என்ற அச்சம் உள்நாட்டுத் தலைவர்களிடம் எழுந்தது. ஆளுநர் நிபந்தனைகளைத் திருத்தினார். இலங்கையே தன் நிலையான நாடு என்று காட்டக்கூடியவருக்கு, அல்லது படிப்போடு சொத்தோ வருமானமோ உடையவருக்கு, அல்லது நிரந்தரமாகக் குடியிருக்கிறேன் என்று சான்றிதழ் பெற்றவருக்கு மட்டும் வாக்கு என்றாயிற்று. அந்தச் சான்றிதழில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதைப் பெறுபவர், இந்தியத் தொழிலாளருக்கென்று சட்டம் தந்திருந்த தனிப் பாதுகாப்புகளைத் துறந்துவிட வேண்டும்.

லயத்தில் இருந்தவனின் இடத்தில் நின்று இதை யோசித்துப் பார்த்தேன். குறைந்தபட்சக் கூலியும் மருத்துவ வசதியும் இந்திய அரசின் வற்புறுத்தலால் கிடைத்தவை. வாக்கு வேண்டுமானால் அவற்றை விட்டுவிடு. அவை வேண்டுமானால் அந்நியனாகவே இரு. நூறு ஆண்டாகக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களிடம் இப்படி ஒரு பேரம் பேசப்பட்டது. நடேசய்யர் இந்தப் பேரத்தை எதிர்த்தார். அங்கேயே உழைத்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே புதைக்கப்படுபவர் அந்நாட்டவரே என்பதும், அவர்களுக்குரியது பிற குடிமக்களுக்குரியதே என்பதும் அவர் கட்சி. அதே சமயம், இந்தியத் தாயை மறவாதே என்றும் அவர் தொழிலாளருக்குச் சொல்லிவந்தார். இரண்டும் ஒன்றோடொன்று முரணாகத் தோன்றலாம். அவருடைய எதிரிகளும் அவ்வாறே கூறினர். எங்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் முரண் தெரியாது. புகுந்த வீட்டுக்கு உழைக்கும் பெண் பிறந்த வீட்டை மறக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே.

1936 தேர்தலில் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947 வரை அச்சபையில் தொழிலாளருக்காகப் பேசினார். இந்தப் பதினோராண்டு எளிதானதாக இருக்கவில்லை. 1939-இல் இலங்கை அரசாங்கம் தன் துறைகளில் தினக்கூலியாக இருந்த இந்தியரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. பேச்சு நடத்த ஜவகர்லால் நேரு கொழும்பு வந்தார். அப்போது இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் இலங்கைக்குத் தொழிலாளர் போவதை இந்திய அரசு தடை செய்தது. ஊருக்குக் கலியாணத்துக்கோ சாவுக்கோ வந்தவர்கள் மீண்டும் மலைக்குத் திரும்புவதும் சிக்கலாயிற்று. புருஷன் அங்கும் பெண்சாதி இங்குமாகப் பிரிந்து கிடந்த குடும்பங்கள் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீசார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். மலை முழுவதும் கொதித்தெழுந்தது.

அந்தக் கொதிப்பை அறுவடை செய்தவர் நடேசய்யர் அல்லர். தோட்டங்களில் விழிப்பு ஏற்பட இருபது ஆண்டு பாடுபட்டவர் அவர். விழித்தெழுந்த தொழிலாளரோ புதிய காங்கிரசின் சங்கத்திலும் இடதுசாரிச் சங்கங்களிலும் சேர்ந்தனர். காரணம் பலவாக இருக்கலாம். அவருடைய சம்மேளனம் அவர் ஒருவரையே தூணாகக் கொண்டிருந்தது. அடுத்த வரிசைத் தலைவர்களை அவர் போதிய அளவு வளர்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காங்கிரசுக்கோ தோட்டத்திலேயே பிறந்தவர்களும் பெரிய கங்காணிக் குடும்பத்தவரும் தலைமை தாங்கினர். ஆள்பலமும் பொருள்பலமும் இருந்தன. 1947 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நடேசய்யர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள் காலமானார். அவர் பிறந்த நாடு விடுதலை அடைந்து மூன்று மாதம் ஆகவில்லை. வந்து உழைத்த நாடு விடுதலை அடைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

மறு ஆண்டே இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தானும் தந்தையும், அல்லது தானும் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததை ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. பிறப்புப் பத்திரம் என்ற ஒன்றையே பாராத லயத்து மக்கள் எதைக் காட்டுவர்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1949-இல் வாக்கும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் சமபாதியாகப் பிரித்தனர். அங்கே தங்கியவர்களில் எஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003-இல்தான் சட்டம் குடியுரிமை தந்தது.

அந்த 5,25,000 என்ற கணக்கில் அப்பாயியும் ஒருவர். ஒப்பந்தத்தின் மொழியில் அவர் தாயகம் திரும்பியவர். தாம் பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அவருக்கு இன்றும் விளங்கவில்லை. வறண்ட கிராமத்தில் பிழைப்புக்காகக் கடன் கொடுத்துக் கறவை மாடு வாங்கச் செய்தார்கள். இரண்டு விரலால் கொழுந்து கிள்ளிப் பழகிய கைக்கு மாட்டின் மடியைப் பிடிக்கத் தெரியவில்லை. முதல் கோடையில் மாடு செத்தது, கடன் நின்றது. அங்கே தெருவில் அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர். ரொட்டியைப் பாண் என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்தார்கள்; தேத்தண்ணி என்றால் கடைக்காரர் திருப்பிக் கேட்டார். இலங்கையில் கள்ளத்தோணி என்று ஏசப்பட்டபோது நாங்கள் இந்தியாக்காரர்கள் என்று ஆறுதல் இருந்ததாம். இங்கே சிலோன்காரர் என்றபோது சொல்லிக்கொள்ள அடுத்த நாடு இல்லை. ஏதோ ஒரு மலையில் தேயிலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தாத்தாவும் அப்பாயியும் சின்னமனூர் வந்து, லாரியில் மேகமலை ஏறினார்கள். மேலே குளிர்ந்த காற்றும் தேயிலை வாசனையும் மூக்கில் பட்டதும் அப்பாயி அழுதுவிட்டாராம். ஊர் வந்துவிட்டது என்று தாத்தாவிடம் சொன்னதாக நினைவு கூர்ந்தார். அவர் சொன்ன ஊர் ஹட்டனா மேகமலையா என்று நான் கேட்கவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்து, சென்ற ஞாயிறன்று அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். சட்டங்களும் ஆண்டுகளும் வந்த இடங்களில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். புடவை மூட்டை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மூட்டையைத் தோளில் சுமந்ததாக முதலில் எழுதியிருந்தேன். அது தவறு, மேட்டில் ஏறும் வியாபாரி தலையில்தான் வைப்பார், கை இரண்டும் ஊன்றிக்கொள்ள வேண்டும் என்று திருத்தினார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அதன்பின் சற்று யோசித்துவிட்டு, தோட்டத்தில் யாரும் ரொக்கம் கொடுத்துப் புடவை எடுப்பதில்லையே, சம்பளத்தன்றுதானே வந்து வசூல் பண்ணுவார்கள், அப்படியானால் அய்யர் அந்தப் புடவைக் காசை வாங்க மறுபடி வந்தாரா என்று கேட்டார்.